பெட்டியைத் திறந்து பார்க்கலாமோ?

நான் வேலையிலிருந்து நிற்பதற்கு மூன்று கிழமை இருக்கும்போது கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி எங்கள் கிளிநொச்சிக் கிளைக்கு வந்தார். பாசல் வந்திருப்பதை இனிமேல் போன் எடுத்துச் சொல்லத் தேவையில்லை, கணினியே குறுஞ்செய்தி அனுப்பிவிடும் என்று எல்லோருக்கும் விளக்கினார். பதினொரு வருஷமாக நான் செய்த வேலை அதுதான். சனம் ஒன்லைன் கடைகளில் ஓடர் பண்ணும் சாமான் எங்கள் கூரியர் கிளைக்கு வரும். அதை வீட்டுக்கு அனுப்ப முன், நாளைக்குக் கொண்டு வரலாமோ, வீட்டில் ஆள் இருக்குமோ என்று கேட்பவள் நான். சாமான் கைக்கு வந்த பிறகு காசு கொடுப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். முன்கூட்டிக் காசு கட்டுபவர்கள் அப்போது மிகக் குறைவு.

அதிகாரி நல்ல மனிதர். போகும்போது என் மேசையடிக்கு வந்தார்.

"அம்மா, ஓடர் பண்ணிட்டு இத்தனை பேர் ஏன் எடுக்காம விடுறாங்க? உங்களுக்குத்தான் தெரியும். ஒரு பக்கத்தில எழுதித் தாங்களேன்."

எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்குள் நிற்கவில்லை. கிளையில் வேலை செய்யும் பிள்ளைகளும், "அக்கா, எல்லாத்தையும் எழுதுங்கோ, நாங்களும் வாசிப்பம்" என்றார்கள். அதனால் அவருக்கு ஒரு பக்கம் கொடுத்துவிட்டு, மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் வட்டக்கச்சி. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி வந்து காணி எடுத்தவர். நான் இளம் வயதில் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைக்கு நின்றேன். அரிசியை உள்ளங்கையில் போட்டுப் பார்க்காமல், சேலையின் ஓரத்தைக் கசக்கிப் பார்க்காமல் எவரும் வாங்கியதில்லை. பிறகு இடம்பெயர்வு, முகாம், திரும்பி வந்து வீடு கட்டியது என்று வருஷங்கள் போயின. ஐம்பது வயதுக்குக் கிட்ட வந்தபோதுதான் கூரியர் கிளையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சங்கக்கடை அனுபவத்தை எழுதிக்கொடுத்தேன். மனேச்சர் அதை வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சாமான் வாங்காமல் போற ஆக்களோட எப்பிடிக் கதைப்பீங்கள்?"

"வாங்கின ஆக்களோட கதைக்கிற மாதிரித்தான், சேர்."

அடுத்த திங்கள் வேலைக்கு வரச் சொன்னார்.

அவர்தான் றிஸ்வான் சேர். முல்லைத்தீவுக்காரர். சிறு வயதில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்ப் புத்தளத்தில் வளர்ந்து, இருபது வருஷத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர். அவருடைய தகப்பன் சைக்கிளில் புடைவை மூட்டை கட்டி வன்னி முழுக்க விற்றவர். "மூட்டையை அவிழ்க்காமல் ஒருத்தரும் வாப்பாவுக்குக் காசு குடுத்ததில்லை" என்று ஒருமுறை சொன்னார். தகப்பனைப்பற்றி அவர் சொல்லி நான் கேட்டது அவ்வளவுதான்.

போனில் கதைப்பதை அவர் எனக்கு இரண்டு நாள் பக்கத்தில் இருந்து பழக்கினார். முதலில் நிறுவனத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. என் பெயரைச் சொல்ல வேண்டும், பிறகு இடத்தை. "வணக்கம், நான் யோகா, கிளிநொச்சியிலயிருந்து கதைக்கிறன்." தெரியாத நம்பரைப் பார்த்துச் சனம் பயப்படும். பரிசு விழுந்திருக்கிறது, வங்கி நம்பரைச் சொல்லுங்கள் என்று ஏமாற்றுகிறவர்களும் அதே போனில்தான் வருகிறார்கள். பெயரும் ஊரும் சொன்ன பிறகு, பாசலில் யாருடைய பெயர் இருக்கிறதோ அந்த ஆள்தானோ என்று கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளே என்ன சாமான் என்று சொல்லலாம். இது ஏன் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. தர்மபுரத்தில் ஒரு பெண் தனக்கென்று முகத்துக்குப் பூசும் கிறீம் ஓடர் பண்ணியிருந்தாள். போனை எடுத்தது புருஷன். "என்ன பாசல்? என்னத்துக்கு?" என்று அவர் கேட்க, நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் அந்தப் பாசல் திரும்பி வந்தது. அந்தப் பெண் பிறகு எங்கள் நம்பரிலிருந்து வந்த எந்த அழைப்பையும் எடுக்கவில்லை.

சாமானைச் சொன்ன பிறகு கடைசியாகச் செய்ய வேண்டியதுதான் கஷ்டம்.

"அதுக்குப் பிறகு நீங்கள் கதைக்காதேங்கோ, மிஸ்" என்றார் றிஸ்வான் சேர். "அவை யோசிக்கட்டும். நீங்கள் கதைச்சால் அவை ஓம் எண்டுதான் சொல்லுவினம். சொல்லிப்போட்டு நாளைக்குக் கதவைத் திறக்க மாட்டினம்."

நிறுவனத்தின் படிவத்தில் எடுக்காத பாசலுக்கு ஒரே காரணம்தான் இருந்தது: வாடிக்கையாளர் மறுப்பு. அது போதாது என்று அவர் எனக்கு ஒரு கொப்பி வாங்கித் தந்தார். ஏன் வேண்டாம் என்கிறார்களோ, அதை அவர்களின் வாயில் வந்தபடியே எழுதச் சொன்னார். நான் எழுதினேன். கோயில் திருவிழா முடிந்துவிட்டது, இனி அந்தச் சட்டை எதற்கு. பக்கத்து வீட்டுக்காரி வாங்கினது ஒரு தோய்ச்சலோடு வெளிறிவிட்டது. கடைக்கு மூன்று கேள்வி அனுப்பினேன், மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது, அது மனுசன் எழுதினதில்லை. கொண்டுவரும் கூலியை முதலில் சொல்லவில்லை. அளவு சரிவராவிட்டால் யாரிடம் திருப்பிக் கொடுப்பது. மாமி வீட்டில் நிற்கிறா. இங்கிலீசில் எழுதியிருந்ததை மகன் வாசித்துச் சொன்னான், அவன் வெளிநாடு போய்விட்டான், இப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விலை கூட என்று சொன்னவர்கள் அந்தக் கொப்பியில் மிகச் சிலரே. விலை பிடித்துத்தானே ஓடர் பண்ணினார்கள்.

இனி நான் சொல்லத் தயங்கும் சம்பவத்துக்கு வருகிறேன்.

அப்போது முல்லைத்தீவில் எங்களுக்குக் கிளை இல்லை. ஒட்டுசுட்டான் பக்கப் பாசல்களும் எங்களிடம்தான் வரும். கிழமையில் மூன்று நாள் எங்கள் சாரதி சிவநாதன் வான் வண்டியில் அந்தப் பக்கம் போவார். முன்பு லொறி ஓட்டியவர், ஒழுங்கை ஒழுங்கையாக ஊர் தெரிந்தவர். மார்கழி மாதம். புதிய பள்ளித் தவணை தொடங்க இரண்டு கிழமைதான் இருந்தது. செல்வமலர் என்ற பெண்ணின் பெயருக்கு ஒரு பெட்டி வந்தது. துணியின் ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லொக் மெசின் என்று சீட்டில் எழுதியிருந்தது.

போன் எடுத்தேன். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"அக்கா, பெட்டியைத் திறந்து பாத்திட்டுக் காசு தரலாமோ?"

"இல்லைத் தங்கச்சி, காசு குடுத்த பிறகுதான் திறக்கலாம். அது நிறுவனத்தின்ர விதி."

"அப்ப வேண்டாம் அக்கா. திருப்பி விடுங்கோ. போன வருஷம் ஒரு கடைக்கு முதலே காசு கட்டி ஏமாந்தனான்."

நான் அந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மாதம் திரும்பிப் போன பாசல்கள் அதிகம் என்று தலைமையகத்திலிருந்து எங்கள் கிளைக்குக் கண்டிப்பான கடிதம் வந்திருந்தது. இன்னொன்றும் உண்டு. அன்று காலை சிவநாதன் அந்தப் பெட்டியைக் கிளைக்குள் இறக்கி வைக்கும்போது, "அக்கா, மெசின் எண்டு போட்டிருக்கு. தூக்கினால் பஞ்சு மாதிரிக் கிடக்கு" என்று சொல்லியிருந்தார். "இப்ப எல்லாம் பிளாஸ்டிக்கிலதானே செய்யினம்" என்று நான்தான் பதில் சொன்னேன்.

அவ்வளவையும் தெரிந்துகொண்டு செல்வமலரிடம் சொன்னேன்: "பயப்பிடாதேங்கோ தங்கச்சி. நான் சொல்லுறன், வாங்குங்கோ. ஏதும் பிழையெண்டால் நான் இஞ்சதானே இருக்கிறன்."

காசு எவ்வளவு என்று இன்னொருமுறை கேட்டாள். பிறகு, "நீங்கள் சொன்னால் சரி அக்கா" என்றாள்.

அடுத்த நாள் மத்தியானம் அவளே போன் எடுத்தாள். கத்தவில்லை, அழவில்லை.

"அக்கா, பெட்டிக்குள்ள விளையாட்டுச் சாமான் மாதிரி ஒண்டு இருக்கு. பற்றரி போடுற சின்ன மெசின். மிச்சம் முழுக்க வெள்ளை ரெஜிபோம் தக்கை."

கடையின் நம்பருக்கு எடுத்தேன். மணி அடித்து நின்றது. மீண்டும் எடுத்தபோது நம்பர் பாவனையில் இல்லை என்று சொன்னது. நான் எழுந்து றிஸ்வான் சேரின் மேசைக்குப் போய், பெட்டியின் பாரம் தொடக்கம் நான் கொடுத்த வாக்குவரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நாளைக்கு ரெண்டு பேரும் போவம்" என்றார்.

"எங்க, சேர்?"

"அவவின்ர வீட்டுக்குத்தான். போனில வாக்குக் குடுத்தது நாங்கள். நேரில போய்த்தான் நடந்ததைக் கேக்க வேணும்."

மாங்குளம் போய் பஸ் மாறி ஒட்டுசுட்டானில் இறங்கி, ஓட்டோ பிடித்துப் போனோம். யானை வேலிக்கு அருகே, பூச்சுப் பூசாத வீட்டுத்திட்ட வீடு. செல்வமலருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வலது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். அந்தக் கதையை அவள் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. எங்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டுவிட்டு, தான் தையல் மெசினுக்கு முன் கிடந்த மர வாங்கில் இருந்தாள். பாயில் வெள்ளைத் துணி வெட்டி அடுக்கியிருந்தது. எல்லாம் பள்ளிச் சீருடைகள். ஒவ்வொரு கட்டின் மேலும் சோக்கட்டியால் பிள்ளையின் பெயர் எழுதியிருந்தாள்.

"ஓரம் தைக்காமல் குடுத்தால் ரெண்டாம் தோய்ச்சலுக்குப் பிரிஞ்சு போகும்" என்றாள். "சீட்டெடுத்த காசு, சேர். இந்தச் சீருடையளை நம்பித்தான் எடுத்தனான்."

றிஸ்வான் சேர் அவள் சொன்ன எல்லாவற்றையும் எழுதினார். பெட்டியை அவளிடம் கேட்டுப் படம் எடுத்தார். பிறகு, "இது உங்கட பிழையில்லை. எங்கட பிழை" என்றார். செல்வமலர் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நான் அந்தக் கடையை நம்பேல்லை. உங்கட குரலைத்தான் நம்பினனான்."



தலைமையகம் சொன்னது சுருக்கமானது. நாங்கள் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் மட்டும், உள்ளே என்ன இருக்கிறது என்பது கடைக்கும் வாங்கியவருக்கும் இடையில் உள்ள விஷயம். றிஸ்வான் சேர் போனைக் காதோடு வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றபடியே கதைத்தார். எல்லாக் கிளைகளிலும் சனம் கொடுத்த காசு தலைமையகத்துக்குப் போய், கிழமை முடிவில்தான் கடைக்குப் போகும். அந்தக் கடைக்குப் போகவிருக்கும் காசை நிறுத்தி வையுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. ஒரு பெண்ணின் முறைப்பாட்டுக்காக அப்படிச் செய்ய முடியாது என்றார்கள்.

"ஒராள் போதாதாம், மிஸ்" என்றார் போனை வைத்துவிட்டு.

அந்தக் கடையிலிருந்து எங்கள் கிளைக்கூடாகப் போன பாசல்களின் பட்டியலை எடுத்தேன். வவுனியாக் கிளையிலும் கேட்டு வாங்கினேன். ஒவ்வொருவராகப் போன் எடுத்தேன். "உங்கட பெட்டிக்குள்ள என்ன இருந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். முதலில் எல்லோரும் "நல்ல சாமான்தான்" என்றார்கள். செட்டிகுளத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போனை வைக்காமல் இருந்தார். நானும் வைக்கவில்லை.

"பிள்ளை, நான் ஓடர் பண்ணினது தண்ணி இறைக்கிற மோட்டர். வந்தது மீன்தொட்டிக்கு வைக்கிற மோட்டர்" என்றார் கடைசியில். "மனிசிக்கும் சொல்லேல்லை. படிச்ச மனுசன் ஏமாந்தானெண்டு சிரிப்பினம்."

"ஐயா, உங்களை மாதிரி இன்னும் ஆக்கள் இருக்கினம்" என்றேன்.

"மெய்யாவோ?" என்று கேட்டார். அந்தக் குரலில் வந்த ஆறுதலை என்னால் மறக்க முடியாது. தான் ஒருவன்தான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இருந்திருக்கிறார். அவரே தன் கையெழுத்தில் கடிதம் எழுதி அனுப்பினார். அவரைச் சொல்லி மற்றவர்களைக் கேட்டபோது அவர்களும் வாய் திறந்தார்கள். செல்வமலரோடு சேர்த்து ஒன்பது பேர். றிஸ்வான் சேர் ஒன்பது கடிதங்களையும் சேர்த்து, ஒருநாள் லீவு போட்டு, தானே கொழும்புக்குக் கொண்டுபோனார்.

கடையின் காசு நிறுத்தப்பட்டது. ஒன்பது பேருக்கும் அவரவர் காசு திரும்பி வந்தது. ஆனால் செல்வமலருக்கு அது வந்தபோது பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு மாதம். அவள் அந்தச் சீருடைகளையெல்லாம் பஸ்ஸில் புதுக்குடியிருப்புக்குக் கொண்டுபோய், ஒரு தையற்கடையில் கூலி கொடுத்து ஓரம் தைப்பித்திருந்தாள். அவளுடைய உழைப்பில் பாதி அங்கே போனது. அதை எவரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு றிஸ்வான் சேர் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக நின்றார். பெட்டியைத் திறந்து பார்த்த பிறகு காசு வாங்க அனுமதி தாருங்கள் என்று எழுதினார். கடைகள் எங்களை விட்டுப் போய்விடும் என்று மறுத்தார்கள். மீண்டும் எழுதினார். மூன்றாவது முறை, ஒட்டுசுட்டான் பாதைக்கு மட்டும், பரீட்சித்துப் பார்க்க என்று விட்டார்கள்.

சிவநாதனுக்கு அது பிடிக்கவேயில்லை. "ஒவ்வொரு வீட்டிலயும் ஊர்க்கூட்டம் நடக்குது, சேர். பெட்டியைத் திறந்தால் அயல் முழுக்க வந்து நிக்குது. ஒருத்தி சட்டியைத் தட்டிப் பாக்கிறாள், மற்றவள் மூக்கில வைச்சு மணந்து பாக்கிறாள். எனக்குப் பொழுதுபட்டாலும் பாதை முடியாது."

"நிக்கட்டும்" என்றார் றிஸ்வான் சேர்.

முதல் இரண்டு மாதம் திரும்பி வந்த பாசல்கள் கூடின. தலைமையகம் கோபப்பட்டது. சில கடைகள் அந்தப் பக்கத்து ஓடர்களை எடுக்காமல் விட்டன. அவை எந்தக் கடைகள் என்று கொப்பியைப் பார்த்தால் விளங்கியது. மிஞ்சியவை சொன்ன சாமானை அனுப்புகிற கடைகள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, பெட்டி திறக்கும்போது பார்த்துக்கொண்டு நின்ற அயலட்டைச் சனம் அதே சாமானை ஓடர் பண்ணத் தொடங்கியது. விளம்பரத்தைப் பார்த்து வாங்காதவர்கள், பக்கத்து வீட்டு முற்றத்தில் பார்த்து வாங்கினார்கள். ஒரு வருஷத்துக்குள் எங்கள் பாதைகளில் மிகக் குறைவாகத் திரும்பி வந்தது ஒட்டுசுட்டான் பாதைதான். பிறகு மற்றப் பாதைகளுக்கும் அனுமதி கிடைத்தது.

அது கிடைக்கும் முன்பே றிஸ்வான் சேருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. புத்தளத்துக்கு. அனுமதி கேட்காமல் கொழும்புக்குக் கடிதம் கொண்டு போனதுதான் காரணம் என்று நாங்கள் நினைத்தோம். அவர் இடமாற்றக் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"இருபது வருஷம் அங்க அகதியா இருந்தனான், மிஸ். இப்ப மனேச்சரா அனுப்புறாங்கள்."

சிரித்தாலும் அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. முல்லைத்தீவில் அவருடைய வீட்டுக்கு அப்போதுதான் கூரை போட்டு முடிந்திருந்தது.

கொழும்பு அதிகாரிக்குக் கொடுத்த ஒரு பக்கத்தில் நான் எழுதியது இதன் சாரம்தான். சனம் விலையைப் பார்த்து ஓடர் பண்ணுகிறது. எடுப்பதா விடுவதா என்பதை வேறு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. பிழைத்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரிய வேண்டும். ஏமாந்தால் ஊர் சிரிக்கும் என்ற பயம் போக வேண்டும். குறுஞ்செய்தி அனுப்புங்கள், நல்லது. ஆனால் அதற்குப் பதில் எழுதினால் ஒரு மனுசன் வாசிப்பானோ என்பதையும் பாருங்கள். அவர் வாசித்துவிட்டு நன்றி சொன்னார். என்ன செய்வார்களோ தெரியாது.

செல்வமலர் திரும்பி வந்த காசைக் கொண்டு வவுனியா நகரத்தில் ஒரு கடைக்குப் போய், கடைக்காரரைத் தன் கண்முன்னால் தைத்துக் காட்டச் சொல்லி, ஓவர்லொக் மெசின் வாங்கினாள். இனி ஒன்லைனில் ஒரு ஊசிகூட வாங்க மாட்டேன் என்று எனக்குச் சொன்னாள். சொன்னபடியே வாங்கவுமில்லை. ஆனால் நான்கு வருஷத்துக்குப் பிறகு ஒருநாள் எங்கள் கிளைக்கு ஒரு பாசல் கொண்டு வந்தாள், அனுப்புவதற்கு. பெண் பிள்ளைகளின் சட்டை தைத்து, போனில் படம் போட்டு விற்கத் தொடங்கியிருந்தாள். படங்களைக் காட்டினாள். ஒவ்வொரு சட்டையிலும் முதல் படம் உள்பக்கத்தைத் திருப்பி எடுத்தது, தையல் ஓரங்கள் தெரிய. பக்கத்தில் அளவு நாடா வைத்திருந்தாள்.

"ஆரும் வெளிப்பக்கத்தைத்தானே காட்டுவினம்?" என்றேன்.

"வெளிப்பக்கம் எல்லாரும் வடிவாக் காட்டுவினம் அக்கா" என்றாள்.

என் கடைசிக் கிழமையில் அவளுடைய பாசல் ஒன்று பளையிலிருந்து திரும்பி வந்தது. திறந்து பார்த்து வேண்டாம் என்றிருக்கிறார்கள். நிறம் வேறு என்று சீட்டில் எழுதியிருந்தது. அவளே பஸ் ஏறி எடுக்க வந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தயக்கமாக இருந்தது. அவள் சட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், வெயிலில் விரித்துப் பிடித்து, போனில் இருந்த படத்தோடு வைத்துப் பார்த்தாள்.

"அவா சொன்னது சரி அக்கா. நான் லைற் வெளிச்சத்தில எடுத்திட்டன். படத்தில கத்தரிப்பூ நிறம், இது வேற."

"நான் ஒருக்கால் அவவுக்குப் போன் எடுத்துச் சொல்லட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அக்கா. நான் கதைக்கிறன்."

என் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் அமர்ந்து, போனின் சத்தத்தைக் கூட்டி வைத்து, பளைக்கு எடுத்தாள். ஒரு பெண் எடுத்தாள். யார், எங்கிருந்து என்று செல்வமலர் சொன்னதுமே அந்தக் குரல் இறுகியது.

"நான் காசு குடுக்கேல்லை, சாமானும் எடுக்கேல்லை. பிறகென்ன?"

"காசுக்கு எடுக்கேல்லை அக்கா. நிறம் வேறயெண்டு சொன்னியளாம். மெய்தான், பிழை என்னில. சரியான நிறத் துணி வவுனியாவில இருக்கு. எடுத்துத் தைச்சு அனுப்பட்டோ? வேண்டாமெண்டாலும் கோவமில்லை."

பளையில் எங்கோ ஒரு கோழி கூவுவது போனில் கேட்டது. செல்வமலர் பேசாமல் இருந்தாள்.

"பொறுங்கோ" என்றாள் அந்தப் பெண். "நீங்கள் அந்தக் கடையில வேலை செய்யிற ஆளோ?"

"இல்லை அக்கா. நான்தான் கடை."

"தைக்கிறதும் நீங்களோ?"

"ஓம்."

"அப்ப அளவைத் திரும்பச் சொல்லுறன், எழுதுங்கோ" என்றாள் அந்தப் பெண். "நான் ஓடர் பண்ணேக்க இருந்ததுக்கு மகள் இப்ப கொஞ்சம் வளந்திட்டாள்."

செல்வமலர் பேனைக்காகக் கை நீட்டினாள். நான் என்னுடையதைக் கொடுத்தேன்.